படகு எண் தவறு

புன்னைத்துறை மீனவர் சங்க அலுவலகத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்து மூன்று. சீடர் குருவை "டீச்சர்" என்று கூப்பிடுவார். குரு சீடரை "சார்" என்று கூப்பிடுவாள். யாரிடம் யார் படிக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளங்க அரை நாள் ஆகும்.

சந்தியாகு இருபத்தாறு வருஷம் அந்த ஊரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். ஜெசிந்தா அவரிடம்தான் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணினாள். பிறகு வெளியூர் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள், சங்கத்து வேலைக்குத் திரும்பி வந்தாள். டைப்ரைட்டிங் படிக்க ஆள் வராமல் போனதும், சந்தியாகு ஒரு நாள் சலவைச் சட்டையோடு அவள் முன்னால் வந்து நின்று, "எனக்கும் சொல்லிக்குடுங்க டீச்சர்" என்றார். அவள் பதறிப்போய் எழுந்தாள். அவர் உட்காரச் சொல்லும்வரை அவள் உட்காரவில்லை. பாடம் அப்படித்தான் ஆரம்பித்தது.

சீடர் கெட்டிக்காரர். கர்வம் மட்டும் கொஞ்சம் உண்டு, அதுவும் விரல்களில். எதிரே இருப்பவர் மூச்சு வாங்குவதற்குள் அவர் சொன்னது தாளில் இருக்கும். அந்தக் காலத்தில் யாராவது தப்பான எழுத்தில் விரலை வைத்தால் அடுத்த நொடி அவர் ஸ்கேல் அந்த விரலின் மேல் இருக்கும். ஊரில் பாதிப்பேர் விரல்களுக்கு அந்த ஸ்கேலைத் தெரியும். ஜெசிந்தாவின் விரல்களுக்கும் தெரியும்.

சங்கத்துக்கு ஒரு படிவம் தேவைப்பட்டது. காற்றில் மாட்டிக் கரை திரும்பாத படகுகளை வீட்டார் போனிலேயே பதிவு செய்கிற படிவம். முன்பெல்லாம் ஆளாளுக்கு அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். ஒரு படகுக்கு மூன்று நம்பர் வரும், நாலு திசை வரும். தேடப் போகிற படகுகள் டீசலை எரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். அதனால் சங்கம் கூடி முடிவெடுத்தது. இனிமேல் பதிவு படிவத்தில்தான். பதிவு வந்தால் தேடும் படகு புறப்படும், வராவிட்டால் புறப்படாது.

அந்தப் படிவத்தை சந்தியாகு செய்தார். படகு எண், படகில் போனவர்கள், புறப்பட்ட நேரம், போன திசை என்று பதினாலு கட்டங்கள். முடித்ததும் குருவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நம்பர் தப்பா இருந்தா உடனே சிவப்புல சொல்லிரும் டீச்சர்."

"உடனேன்னா?"

"அடிச்ச மாத்திரத்துல. ஒவ்வொரு எழுத்துக்கும் பாக்கும்."

"இவ்வளவு சீக்கிரமா, சார்?"

"தப்பை அந்த நொடியே சொன்னாத்தான் விரல் திருந்தும். நீங்களே சாட்சி."

ஜெசிந்தா சிரித்தாள். பிறகு கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு தன் அண்ணன் படகின் எண்ணை அடித்தாள். எழுத்தும் இலக்கமுமாகப் பத்து. இரண்டு நொடி ஆகியிருக்கும். சிவப்பு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

"சரியா இருக்கு, சார்," என்றாள்.

அது ஆவணி மாதம். கார்த்திகைக் கடைசியில் காற்று வந்தது.

திங்கட்கிழமை ராத்திரி வந்த காற்று செவ்வாய் விடியும்போது ஓய்ந்துவிட்டது. பத்தொன்பது படகுகள் பதிவாயின. அலுவலகத்தில் போன் ஓயாமல் அடித்தது. எடுத்தவர் சந்தியாகுதான். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "படிவத்துல போடுங்க. தப்பா இருந்தா அதுவே சொல்லும்." புதன்கிழமை இருட்டுவதற்குள் பத்தொன்பது படகுகளையும் தேடிப் பிடித்துக் கரை சேர்த்துவிட்டார்கள். சங்கத் தலைவர் சந்தியாகுவின் தோளைத் தட்டினார். மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ரோட்டின் நடுவில் நடந்தார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிரகாசி வந்தாள்.

வடக்குத் தெரு கஸ்பாரின் மனைவி. நாற்பது வயதுக்காரி, கருவாடு போடுகிறவள். பிள்ளைகள் இல்லை. சேலை முழங்கால்வரை சேறாக இருந்தது. கையில் போனும், பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதமும் இருந்தன.

"சார், படகு நம்பர் தப்புங்குது," என்றாள்.

"எந்தப் படகும்மா?"

"எங்க படகு. அவிய திங்கக்கிழமை போனவுக இன்னும் வரல."

இன்னொரு படகு கடலில் இருப்பது சங்கத்தில் யாருக்கும் தெரியாது.

"மூணு நாளாச்சே, இப்ப வாரீங்களே!"

"செவ்வாக்கிழமை காலைலேயே போட்டேன் சார். தப்பு தப்புன்னே சொல்லுச்சு. ஆபீசுக்குப் போன் போட்டேன், தப்பா இருந்தா அதுவே சொல்லும்னு சொன்னிய. படகு பழசுல்லா, தெற்கே ஒருத்தர்கிட்ட வாங்கினது. நம்பர் மாத்தினாங்களோ என்னவோ, நமக்குத் தெரியாம இருக்கும்னு அவரைத் தேடிப் போனேன். மரம் விழுந்து கிடக்கு, பஸ் இல்ல. நடந்தும் லாரியிலயுமா போய்ட்டு இப்பத்தான் வாரேன். இதே நம்பர்தான், ஒரு எழுத்துகூட மாறலன்னு அவர் சொல்லுதாரு. காகிதமும் குடுத்திருக்காரு. இப்பவும் தப்புங்குது சார்."

"எங்க, அடிங்க பாப்போம்."

அவள் போனை உள்ளங்கையில் வைத்து ஆள்காட்டி விரலால் ஒரு எழுத்தைத் தொட்டாள். உப்பில் வெடித்த விரல். கட்டத்துக்குக் கீழே சிவப்பில் வந்தது: படகு எண் தவறு.

"பாத்தியளா?" என்றாள்.

"மேல அடிங்க."

அவள் அடுத்த எழுத்தைத் தேடினாள். சிவப்பு நின்றுகொண்டே இருந்தது. அவள் கண் அதற்கே திரும்பத் திரும்பப் போனது. இரண்டாவது எழுத்து விழுந்தது. படகு எண் தவறு. அடுத்தது இலக்கம். இலக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று அவள் தேட ஆரம்பித்தாள். சந்தியாகு அதற்குமேல் தாங்க முடியாமல் போனைப் பிடுங்கினார். காகிதத்தைப் பார்த்து இரண்டு கட்டை விரல்களாலும் அடித்தார். பத்தும் விழுந்தன, சிவப்பு போய்விட்டது.

பிரகாசி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க அடிச்சா வரலியே," என்றாள். "என் கைக்குத்தான் வருது."

மற்றக் கட்டங்களை அவள் சொல்லச் சொல்ல அடித்தார். படகில் மூன்று பேர்: கஸ்பார், அவன் அண்ணன் மகன் டெல்வின், துணைக்குப் போன ஒரு கிழவர். மற்ற இருவர் வீட்டாரும் படகுக்காரர் வீட்டில் பதிவு செய்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். திசை கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. தெற்கே கடலடியில் ஒரு பாறைப் பார் உண்டு. கஸ்பாரின் அப்பா மீன் பிடித்த இடம். அங்கேதான் போவதாகப் பொண்டாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வேறு யாரும் அந்தப் பக்கம் தேடவில்லை.

தேடும் படகு பதினொன்றரைக்குப் புறப்பட்டது. இரண்டு மணிக்கு ஆட்களைக் கண்டுவிட்டது.

டெல்வினும் கிழவரும் கவிழ்ந்த படகின் மேல் கிடந்தார்கள். கஸ்பார் இல்லை. கரைக்கு வந்ததும் டெல்வினுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் பேசினான்.

"சித்தப்பா நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தாரு. காலி டீசல் கேனைப் பிடிச்சிக்கிட்டு தண்ணியில இருந்தாரு. உன் சித்தி சொல்லியிருப்பா, வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இருட்டினப்பறம் சத்தம் இல்ல."

பிரகாசி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சந்தியாகுவும் கேட்டார்.

அவர் நேராக அலுவலகத்துக்கு வந்தார். படிவத்தைத் திறந்துவிட்டு அனுப்பாமல் மூடியவர்களின் பதிவும் கம்ப்யூட்டரில் விழும். அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும், இதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்திலிருந்து பதினொன்று நாற்பது வரை, ஒரே போனிலிருந்து, ஒரே கட்டம். முப்பத்தொரு முறை திறந்து முப்பத்தொரு முறை மூடப்பட்டிருந்தது.

ஒவ்வொரு எழுத்து விழும்போதும் கட்டம் எண்ணைச் சோதிக்கும் என்பது அவரே எழுதியதுதான். பத்தும் சேராதவரை கட்டத்துக்கு அது தப்பான எண்தான். இரண்டு நொடியில் பத்தையும் அடிக்கிறவன் கண்ணுக்கு அந்தச் சிவப்பு தெரியாது. ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறவளுக்கு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அது மட்டும்தான் தெரியும். பதிவு செய்த மற்ற வீடுகளில் போன் பிடிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். கஸ்பார் வீட்டில் இல்லை.

ஜெசிந்தா வந்து பின்னால் நின்றாள். அந்தப் பட்டியலை அவளும் வாசித்தாள்.

"டீச்சர்," என்றார் சந்தியாகு. "செவ்வாக்கிழமை பிரகாசி எனக்குப் போன் போட்டிருக்கு. எந்தப் படகுன்னுகூட நான் கேக்கல. தப்பா இருந்தா அதுவே சொல்லும்னு நான் சொல்லியிருக்கேன். படிவமும் சொல்லியிருக்கு."

அவள் பட்டியலை மறுபடி மேலிருந்து வாசித்தாள்.

"நீங்க அன்னைக்கே கேட்டீங்க. இவ்வளவு சீக்கிரமான்னு."

"கேட்டேன். அப்புறம் நானும் அடிச்சுப் பாத்துட்டுச் சரின்னேன்," என்றாள். "நான் உங்ககிட்டப் படிச்சவ சார். என் கைக்கும் அந்தச் சிவப்பு தெரியல."

அவளாவது திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அதுவும் இல்லை என்றதும் அழுதார். ஐம்பத்திரண்டு வயதில், கம்ப்யூட்டர் முன்னால், கைகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அவள் தேற்றவில்லை. தேற்றுவதற்கு அவளிடமும் ஒன்றும் இல்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "தப்பை எப்பத்தான் டீச்சர் சொல்லணும்?"

ஜெசிந்தா கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஆள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாத்துங்க. நான் அடிச்சுப் பாக்கிறேன்," என்றாள்.

மறுநாள் காலை அவர் மாற்றிக் கொண்டுவந்தார். இப்போது படிவம் எதையும் சொல்லாது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பும் பொத்தானை அமுக்கிய பிறகுதான் தப்புகளைச் சொல்லும்.

ஜெசிந்தா போனை மேசைமேல் வைத்து, இடது கைச் சுண்டுவிரலால் மட்டும் அடித்தாள். பதினாலு கட்டத்துக்கு இருபது நிமிஷம் ஆனது. சந்தியாகு பக்கத்தில் நின்று பார்த்தார். இருபது நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பொத்தானை அமுக்கினாள். ஐந்து இடத்தில் சிவப்பு வந்தது. முதல் தப்பு முதல் கட்டத்திலேயே இருந்தது.

"இருபது நிமிஷம் கடல்ல போயிருச்சு, சார்."

அவர் எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்ப வந்தார்.

"ஒரு கட்டத்தை விட்டு அடுத்ததுக்குப் போகும்போது மட்டும் சொல்லும்."

அவள் படகு எண் கட்டத்தைத் தொட்டாள். எதையும் அடிக்காமல் வெளியே தொட்டாள். சிவப்பு வந்தது.

"நான் ஒண்ணுமே எழுதலையே. நம்பர் எழுதின நோட்டை எடுக்க எந்திரிச்சேன், அவ்வளவுதான். அதுக்கு ஏன் திட்டுது?"

மறுபடி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்தார். இப்போது கட்டத்தில் ஏதாவது எழுதிவிட்டு வெளியே போனால்தான் சொல்லும். அவள் சுண்டுவிரலால் எண்ணை அடித்தாள், வேண்டுமென்றே ஒரு இலக்கத்தை விட்டுவிட்டு. அடிக்கும்போது கட்டம் பொறுத்திருந்தது. வெளியே வந்ததும் சொன்னது. சந்தியாகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் திரும்பவும் கட்டத்துக்குள் போய் விட்ட இலக்கத்தைச் சேர்த்தாள். விரலை எடுத்தாள். சிவப்பு அப்படியே நின்றது.

"திருத்திட்டேன் சார்."

"வெளிய வந்தா போயிரும் டீச்சர்."

"வெளிய வரணும்னு பிரகாசியக்காவுக்குத் தெரியுமா?"

அவர் அங்கேயே உட்கார்ந்து மாற்றினார். எண் சரியான அந்த எழுத்திலேயே சிவப்பு போய்விடும்படி எழுதினார்.

"சிவப்பு போனப்புறம் என்ன சொல்லும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லாது."

அவள் ஒன்றும் சொல்லாமல் போனை மேசையில் வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீபோர்டை எடுத்து, எண் பொருந்திய உடனே பச்சையில் 'சரி' என்று வரும்படி ஒரு வரி சேர்த்தார்.

எல்லாம் சேர்த்து ஒரு பகல் வேலை. ஆவணியில் இதைச் செய்ய விடாமல் ஒருவரும் தடுக்கவில்லை. அவருக்கு அதுதான் ஆறவில்லை. வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். ஜெசிந்தா காது கொடுக்கவில்லை.

"நாளைக்கு வடக்குத் தெருவுக்குப் போவோம் சார்," என்றாள்.

"எதுக்கு?"

"ஊரு என்ன பேசுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். டீக்கடையிலும் பேசினார்கள், கோயில் வாசலிலும் பேசினார்கள். பத்தொன்பது வீட்டிலும் போட முடிந்தது, கஸ்பார் பொண்டாட்டிக்கு மட்டும் புருஷன் படகு நம்பர் தெரியவில்லை என்று பேசினார்கள். கஸ்பாரின் தங்கை அதைப் பிரகாசியின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். உடல் இன்னும் கிடைக்காத வீட்டில், அத்தனை பெண்களுக்கு நடுவில்.

அவர்கள் போனபோது காலை பத்து மணி இருக்கும். வீட்டில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கஸ்பாரின் தங்கை அடுப்படி வாசலில் நின்றாள். பிரகாசி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி போட வந்தவர்களை மறுத்துவிட்டு சந்தியாகுவும் தரையில் உட்கார்ந்தார். 

"தப்பு உங்க கையில இல்லம்மா," என்றார். "நான் செஞ்ச படிவத்துல. நீங்க அடிச்ச நம்பர் சரி. முதல் நாளே சரி."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். கஸ்பாரின் தங்கை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பிரகாசி அவரை இரக்கத்தோடு பார்த்தாள். அவருக்கு அது ஸ்கேலால் அடித்ததைவிட வலித்தது.

"எனக்காகச் சொல்லுதிய சார்."

"இல்லம்மா. நிசம்."

"நிசம்னா மத்தவங்களுக்கும் வரணும்லா? கம்ப்யூட்டருக்கு என்மேல என்ன கோவம்? நான்தான் என்னமோ தப்பா அடிச்சிருக்கேன். முப்பது தடவைக்கு மேல அடிச்சேன் சார், ஒரு தடவைகூட என் கைக்குச் சரியா வரல. அவிய கடல்ல என்னை நம்பிக்கிட்டுக் கிடந்திருக்காவ."

"நீங்க முடிக்கிறதுக்கு முன்னாலயே அது தப்புன்னு சொல்லிருச்சும்மா. முதல் எழுத்துலயே. மிச்சத்தை அடிக்க விடல. நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன்."

"முடிக்காததைப் போய் யாராவது தப்புன்னு சொல்வாங்களா?" என்றாள் பிரகாசி. நம்ப முடியாமல்தான் கேட்டாள், குத்துவதற்காக இல்லை.

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெசிந்தா பையிலிருந்து தன் போனை எடுத்தாள். புதிய படிவத்தைத் திறந்து பிரகாசியின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, அன்னைக்கு அடிச்ச அதே நம்பரை அடிங்க."

"வேண்டாம் ஜெசிந்தா."

"ஒரு தடவை."

பிரகாசி போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த ஒற்றை விரலை நீட்டி முதல் எழுத்தைத் தொட்டாள். தொட்டவுடன் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கட்டம் சும்மா இருந்தது. நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா தலையாட்டினாள்.

இரண்டாவது எழுத்து. இலக்கங்களைத் தேடினாள். தேடி எடுத்து ஒன்றை அடித்தாள். மறுபடி எழுத்துக்குப் போக வேண்டியிருந்தது, வழி தெரியாமல் தடவினாள். சந்தியாகுவின் விரல்கள் துடித்தன. பிடுங்கி அடித்தால் இரண்டு நொடி. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அடுப்படி வாசலிலிருந்து கஸ்பாரின் தங்கை இரண்டு எட்டு முன்னால் வந்து நின்று பார்த்தாள்.

எட்டாவது. ஒன்பதாவது. பிரகாசி மூச்சை அடக்கிக்கொண்டு கடைசி இலக்கத்தைத் தொட்டாள்.

கட்டத்துக்குக் கீழே பச்சையில் வந்தது.

"சரி," என்று வாய்விட்டு வாசித்தாள். இன்னொரு தரமும் வாசித்தாள். பிறகு போனைத் திருப்பி நாத்தனாருக்குக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள், பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதே நம்பர்தான் சார் அன்னைக்கும் அடிச்சேன்," என்றாள் பிரகாசி.

"ஆமாம்மா."

"அப்ப நான் அடிச்சது சரிதான்."

"சரிதாம்மா."

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் சந்தியாகு வாங்கிக்கொண்டிருப்பார், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். மன்னிப்பு என்கிற வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அதற்குள் பிரகாசியின் விரல் கீழே இறங்கி அடுத்த கட்டத்தைத் தொட்டிருந்தது. 'படகில் போனவர்கள் பெயர்' என்று அதில் எழுதியிருந்தது. அவள் ஒரு எழுத்தைத் தேடினாள். கிடைத்ததும் அடித்தாள். க.

சந்தியாகுவுக்குத் தாங்கவில்லை. "போதும்மா," என்று போனை வாங்கக் கையை நீட்டினார்.

ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா இன்னும் முடிக்கல, சார்."